டாக்டரம்மாவும் மெதுவான ரேடியோவும்

காரைக்குடியில் அப்போது நாம் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் போதும், முடித்துவைக்க ஒரு ஆள் இருந்தார். எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தின் டாக்டரம்மா. பல வருஷம் இங்கே இருந்துவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். இன்றைக்கும் யாராவது இழுத்து இழுத்துப் பேசினால் அவர் இல்லையே என்று தோன்றும்.

நாற்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு. ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே ஒரு கால் தரையில் இறங்கியிருக்கும். ஓட்டலில் சப்ளையர் "இட்லி, பொங்கல்…" என்று தொடங்கும்போதே "தோசை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். தோசை இல்லை என்று அந்த ஆள் சொல்வதைக் கேட்க அங்கே நாற்காலி மட்டும்தான் இருக்கும்.

ஒருமுறை புதுவயல் பக்கத்திலிருந்து ஒருத்தர் மருந்தகத்துக்கு ஓடி வந்திருக்கிறார். "அம்மா, எங்க மாடு கன்னு போட்டுச்சும்மா. கன்னு…"

"செத்துப்போச்சா? அடடா. தாய்க்கு எதுவும் ஆகலைல்ல? வெதுவெதுன்னு தண்ணி வைங்க, இந்தா வாரேன்."

"இல்லம்மா, ரெண்டு போட்டுருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அந்த மனிதர் இதை ஒரு மாசம் டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். டாக்டரம்மாவுக்கும் தெரியும். கோபமே வராது. "பத்துல எட்டு சரியாத்தானே சொல்றேன்?" என்பார். அதுவும் உண்மைதான். அந்த எட்டு கொடுக்கும் தைரியத்தில்தான் மீதி இரண்டையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்கு விழுந்தது அந்த இரண்டில் ஒன்று. எனக்கு மைக்செட் தொழில். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவேன். என் கடை மருந்தகத்துக்கு நாலு கடை தள்ளி. வழியில் பார்த்து, "டாக்டரம்மா, வர்ற வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுல…" என்றேன். "கிரகப்பிரவேசமா? சந்தோஷம்ணே, வந்துருவேன்." ஸ்கூட்டர் திரும்பிவிட்டது. வெள்ளிக்கிழமை சொன்னபடியே வந்தார், பெரிய சுவர்க்கடிகாரத்தோடு. கூடத்தில் என் மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். டாக்டரம்மா குழந்தையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இந்தப் பிள்ளையும் மணி பார்க்கக் கத்துக்கிட்டுத்தானே ஆகணும்" என்று மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மாட்டிடம் மட்டும் அவர் வேறு ஆள். வயிறு உப்பிக் கிடக்கும் மாட்டுக்குப் பக்கத்தில் சாணியிலேயே குந்தி உட்கார்ந்து, விலாவில் காதை வைத்து, எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கிறபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அப்புறம்தான் புரிந்தது. மாடு வாக்கியம் பேசுவதில்லை. முடித்துவைக்க அங்கே ஒன்றுமில்லை.

ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்தார். நான் ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டிருந்தேன்.

"அண்ணே, உங்க ஆம்ப்ளிஃபையர் எட்டாயிரம் சைக்கிள் தாங்குமா?"

"எவ்வளவு நேரம்…"

"நாள் முழுக்க. ஒரே சத்தம். கூடாது, குறையாது."

"ஒத்து ஊதுற மாதிரியா?"

அவர் நின்றார். நான் முடித்த வாக்கியம் அவருக்கு அபூர்வம். "அதேதான்ணே! நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுற மாதிரி. ஒரே சுருதி. ஆடக் கூடாது. இப்ப நீங்க என்ன கேக்கப் போறீகன்னு தெரியும். எதுக்குன்னுதானே?"

அதுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவருக்கு ஒரு தோழி. ஒரே அறை. இரண்டு பேரும் சேர்ந்து அங்கேயே, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்கிற அமெச்சூர் ரேடியோ லைசென்சும் வாங்கினார்கள். அந்தத் தோழிக்குத் திக்குவாய். ஒரு சொல்லைத் தொடங்கினால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வார். டாக்டரம்மா அதை எடுத்து முடித்துக் கொடுப்பார். மெஸ்ஸில், வகுப்பில், பஸ்ஸில், பரீட்சைக்கு வந்த பேராசிரியர் முன்னால்கூட. புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டும்போது மட்டும் தோழிக்குத் திக்காது. விரல் அவ்வளவு சுத்தமாக ஓடுமாம். வேலை கிடைத்து டாக்டரம்மா இந்தப் பக்கம் வர, தோழி காங்கேயம் போனார். போன கொஞ்ச காலத்தில் பேச்சு குறைந்தது. அப்புறம் நின்றே போனது.

"ஏன்னு…"

"தெரியாதுண்ணே. போன் போட்டா எடுக்க மாட்டா. மெசேஜ் போட்டா பதில் வராது. நான்தான் போட்டுக்கிட்டே இருந்தேன். போன வாரம் முதல்தடவையா ஒரு பதில் வந்துச்சு." செல்போனைக் காட்டினார். மேலே அவர் அனுப்பியவை பத்து இருபது, வரிசையாக. நலமா, நல்லாத்தான் இருப்ப, கோபமா, கோபம்தான்னு நினைக்கிறேன், சரி விடு என்று கேள்வியும் பதிலும் அவரே. கீழே தோழியின் ஒரே வரி: 'பேசணும்னா எட்டாயிரத்து இருநூத்துச் சொச்சத்துக்கு வா. நான் அங்கதான் இருக்கேன்.'

எட்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம் சைக்கிள், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு, என்பது ரேடியோவில் மிக மிகக் கீழே இருக்கும் ஓர் அலைவரிசை. நம் காதுக்குக் கேட்கிற சத்தத்துக்கு உள்ள அதே அதிர்வு. ஆனால் காற்றில் போகிற சத்தமாக இல்லாமல் ரேடியோ அலையாகப் போக வேண்டும். அதிர்வு அவ்வளவு குறைவு என்பதால் தனியாக டிரான்ஸ்மிட்டர் எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க உதவுகிற சவுண்டு கார்டே அந்தச் சுருதியை உண்டாக்கிக் கொடுத்துவிடும். அதை என் ஆம்ப்ளிஃபையர் பெருக்கும். ஒரு பெரிய கம்பிச் சுருள் வழியாக நீளமான ஏரியலுக்கு ஏற்ற வேண்டும்.

"எவ்வளவு தூரம் போகும்?"

"உங்க ஆம்ப்ளிஃபையர் முழுசாத் தள்ளுனாலும் வானத்துக்குக் கெளம்புறது ஒரு மின்மினி வெளிச்சம்கூடக் கிடையாது. ஆனா ஒரே சுருதியில அசையாம நின்னுச்சுன்னா, அங்குட்டு இருக்கவங்க அதை நிமிஷக்கணக்கா, மணிக்கணக்காச் சேத்துச் சேத்து எடுத்துருவாக. இடி மின்னல் இரைச்சலுக்கு நடுவுலயும் தெரியும். அசைஞ்சா சேராது. அவ்வளவுதான்."

"அப்ப பேசுறது…"

"மோர்ஸ்தான். ஒரு புள்ளிக்கு ஒரு நிமிஷம். ஒரு கோட்டுக்கு மூணு நிமிஷம்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்துக்கே பத்து நிமிஷம் பக்கம் வந்தது. டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அந்தத் தோழியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த நிமிஷமே பெரிய மரியாதை வந்துவிட்டது. ஊர் உலகத்தில் எத்தனையோ அலைவரிசை இருக்க, டாக்டரம்மா அவசரப்பட முடியாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே வா என்று கூப்பிட்டிருக்கிறாரே!

திருவிழாக்களுக்குப் போய் ஓய்ந்துபோன பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொடுத்தேன். வாடகை பேசவில்லை. வேடிக்கை பார்க்கும் ஆசை எனக்கு.

டாக்டரம்மா குடியிருந்தது ஒரு பழைய செட்டியார் வீட்டின் பின்கட்டு. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. ஏரியல் கட்ட அதைவிட நல்ல வீடு கிடையாது. வீட்டுக்காரர்கள் சென்னையில். போனில் அனுமதி கேட்டபோது, "கம்பி கட்டுறதுன்னா கட்டிக்கங்க, ஓட்டுல மட்டும் மிதிச்சுராதீக" என்று வீட்டுக்கார ஆச்சி சொன்னார்களாம். முகப்பு மாடத்திலிருந்து பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை நானும் என் கடை ஆளும் கம்பி இழுத்தோம். நீலநிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் சுற்றுச் சுற்றாகச் செம்புக் கம்பி சுற்றினோம். டாக்டரம்மா பாதியிலேயே "போதும்ணே" என்றார். போதவில்லை. பிரித்து மறுபடி சுற்றினோம்.

இந்த அலைவரிசைக்கென்று தனியாக டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும். எழுதிப் போட்ட மறுநாளிலிருந்தே அவர் டெல்லிக்குப் போன் போட ஆரம்பித்தார். எப்படியோ வந்துவிட்டது.

முதன்முதலில் ஸ்விட்சைப் போட்டபோது டிரம்முக்குள்ளிருந்து மெல்லிய ஊளை ஒன்று கிளம்பியது. எங்கள் காதுக்கு லேசாகத்தான் கேட்டது. ஆனால் தெரு நாய்கள் மூன்று பின்வாசலில் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தன. டாக்டரம்மா அதில் ஒன்றுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவிட்டு வந்தார்.

தோழி தன் ரேடியோவில் வருவதையெல்லாம் படமாக்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தார். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். சிக்னல் வந்தால் அதில் ஒரு வெளிச்சக் கோடு விழும். அதாவது நாம் இங்கிருந்து அனுப்புவது காங்கேயத்தில் எப்படிப் போய் விழுகிறது என்று காரைக்குடியில் உட்கார்ந்தே பார்க்கலாம். பார்த்தோம். கோடு வந்திருந்தது. ஆனால் அது கோடாக இல்லை. மழையில் கரைந்த கோலம் மாதிரி வளைந்து, நெளிந்து, பரவி, பாதியில் காணாமல் போனது.

"என்னண்ணே இது, குடிகாரன் நடந்த தடம் மாதிரி இருக்கு!"

காரணம் அவருக்கே தெரியும். சவுண்டு கார்டுக்குள் ஒரு சின்னப் படிகம் இருக்கிறது. அது துடிக்கிற கணக்கில்தான் சுருதி பிறக்கிறது. சூடு ஏறினால் துடிப்பு மாறும், குளிர்ந்தால் மாறும். பாட்டுக் கேட்கிற நமக்கு அந்த வித்தியாசம் ஒரு நாளும் தெரியாது. இங்கே அதுதான் எல்லாமே. டாக்டரம்மாவோ நிமிஷத்துக்கு ஒருதரம் போய் எதையாவது தொடுவார். ஃபேனைப் போடுவார். புழுக்கம் குறைந்ததும் நிறுத்துவார். ஜன்னலைத் திறப்பார். லேப்டாப்பை நகர்த்துவார். கோடு ஏன் நெளிகிறது என்று பார்க்க மூடியைத் திறப்பார், திறந்ததால் நெளியும்.

முதலில் மருந்தகத்திலிருந்து ஒரு பழைய தடுப்பூசிப் பெட்டியைக் கொண்டுவந்தார். தடிமனான தெர்மாகோல் வைத்தது. காயலான் கடைக்குப் போக இருந்தது. சவுண்டு கார்டைத் தனியாக வாங்கி அதற்குள் வைத்து மூடினார். கோடு ஓரளவு நிமிர்ந்தது. ஆனாலும் காலையில் ஓர் இடம், மத்தியானம் ஓர் இடம் என்று மெதுவாக ஏறிக்கொண்டே போனது.

அப்புறம் ஒரு சின்ன ஜி.பி.எஸ். கருவி வந்தது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைப் பார்த்து, சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு கொடுக்கிற சாதனம். அந்தத் துடிப்பை அதே சவுண்டு கார்டின் மைக் வழியாக உள்ளே விட்டார். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் படிகம் எத்தனை எண்ணியது என்று கம்ப்யூட்டர் பார்க்கும். கூட எண்ணியிருந்தால், குறைய எண்ணியிருந்தால், வெளியே போகிற சுருதியை அதற்கேற்பத் திருத்தும். படிகம் தப்பாக எண்ணினாலும் பரவாயில்லை, எவ்வளவு தப்பு என்று தெரிந்தால் போதும். அதைச் சொல்லும்போது டாக்டரம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி.

கருவி எல்லாம் சரியாகிவிட்டது. பாக்கி இருந்தது டாக்டரம்மா மட்டும்தான். அது அவருக்கும் தெரிந்தது. அறையைப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே வச்சுக்கங்கண்ணே. நான் கேட்டாலும் குடுக்காதீக."

"எப்ப வரைக்கும்…"

"நான் கேக்குறதை நிறுத்துற வரைக்கும்."

கடைக்குப் போய் டீ சொல்லி உட்கார்ந்தேன். டீ வருவதற்குள் அவர் வந்துவிட்டார். "அண்ணே, ஒரு சந்தேகம். பெட்டி மூடி சரியா உக்காந்துச்சான்னு மட்டும்…" நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. போனார். திரும்பி வந்தார். "பாம்பு கீம்பு உள்ள போயிருக்குமோ?" போனார். ஆத்தங்குடியில் ஒரு மாட்டுக்குப் பிரசவச் சிக்கல் என்று ஆள் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அங்கே தொழுவத்தில் இருந்தபடி போன் வந்தது. பின்னால் மாடு முக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே, உங்க போன்ல படத்தைப் பாருங்க. கோடு எப்புடி இருக்கு?"

பார்த்தேன். கருப்புத் திரையில் தலைமுடி போல ஒரு வெளிச்சக் கோடு. நேராக, மெல்லிசாக. படம் எந்த நேரத்தில் தொடங்குகிறதோ அங்கிருந்து இந்த நிமிஷம் வரை அப்படியே இருந்தது.

"நேரா இருக்கும்மா. அடிக்கோல் வச்சு இழுத்த மாதிரி இருக்கு."

அடுத்த கேள்வி கேட்காமலேயே போனை வைத்துவிட்டார். மாடும் கன்றும் நலம் என்று சாயங்காலம் சொன்னார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டரம்மா கேள்வியை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைதான் சரி. புதுவயல் அரிசி மில்களில் பாதி ஓடாது. ஓடினால் மோட்டார்களின் இரைச்சல் திரை முழுக்கப் புழுதியாக அப்பிவிடும். கேள்வி ரொம்பச் சின்னது: 'ஏன் பேசலை'. தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்தில். அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கம்ப்யூட்டரே அனுப்பிக்கொள்ளும். இவர் பின்கட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

பதில் அன்று வரவில்லை. தோழி அவசரப்படுகிற ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு காலையில் எனக்குப் போன் வந்தது. "அண்ணே, வர்றா!"

போனபோது டாக்டரம்மா திரைக்கு முன்னால் இருந்தார். இந்தமுறை நாங்கள் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டுக் கேட்கும் பக்கம் இருந்தோம். காங்கேயத்திலிருந்து வரும் கோடு திரையில் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. சின்னத் துண்டு புள்ளி, நீளத் துண்டு கோடு. எனக்கு மோர்ஸ் தெரியாது. எழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்துக் கையில் கொடுத்திருந்தார். கோடு, புள்ளி, கோடு. அது கே. புள்ளி, கோடு. அது ஏ.

"கே, ஏ. காங்கேயம்!" என்றார் டாக்டரம்மா. "ஊர்ப் பேர்லேருந்து ஆரம்பிக்கிறாண்ணே. அடுத்தது என். முதல்ல கோடு வரும் பாருங்க."

காத்திருந்தோம். புள்ளி வந்தது.

"இரைச்சல்ணே. கோட்டுல பாதியை இரைச்சல் முழுங்கிருச்சு. எங்கயோ மில்லைப் போட்டுட்டாய்ங்க."

அடுத்து ஒரு கோடு. அடுத்து ஒரு புள்ளி. அட்டவணையைப் பார்த்தேன். "ஆர் மாதிரில்ல இருக்கு?"

அவர் திரைக்கு இன்னும் கிட்டத்தில் குனிந்தார். அடுத்த எழுத்து ஏ. அதற்கடுத்து இரண்டு புள்ளிகள், ஐ. டாக்டரம்மா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"காரைக்குடி" என்றார் மெதுவாக.

மீதி எழுத்துகள் வந்துகொண்டிருக்க, அவர் சொன்னார். வேலைக்கு எடுத்து ஊர் ஒதுக்குகிற கவுன்சிலிங். பெரிய கூடம், ஒரே கூட்டம். இவருக்குக் காரைக்குடி கிடைத்துவிட்டது. அடுத்து தோழியின் முறை. எந்த ஊர் வேண்டும் என்று அதிகாரி கேட்டார். தோழி "கா… கா…" என்று ஆரம்பித்து நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற டாக்டரம்மா, "காங்கேயம் சார்" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

"அவ ஊரு ஈரோட்டுப் பக்கம்ணே. வீட்டுக்குக் கிட்டக்க இருக்கணும்னு நினைப்பான்னுதான்… வெளிய வந்து என் கையைப் புடிச்சா. ஏதோ சொல்ல வந்தா. நன்றியெல்லாம் எதுக்குடின்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

டாக்டரம்மா சட்டென்று எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷம்ணே! இங்க வரணும்னு நினைச்ச பிள்ளை. இருங்க, எங்க டாக்டர் சங்கத்துல ஒரு சார் இருக்காரு. அவருகிட்டச் சொன்னா மாற்றலுக்கு வழி பண்ணிருவாரு." செல்போனோடு முற்றத்துக்குப் போய்விட்டார். "ஆமா சார், காரைக்குடிக்குத்தான் சார். அவங்க ரொம்ப நாளாக் கேக்குறாங்க சார். மனுவா? நானே எழுதி வாங்கிக் குடுத்துர்றேன் சார்."

நான் திரையைப் பார்த்தேன். கோடுகள் நிற்கவில்லை. காரைக்குடி முடிந்து ஓர் இடைவெளி விட்டு மறுபடி வந்துகொண்டிருந்தது. அட்டவணையில் விரலை வைத்துத் தட்டுத் தடுமாறி எழுதினேன். ஏ. பி. மறுபடி பி. ஓ. அப்போ.

"டாக்டரம்மா! இன்னும் முடியலை!"

"இந்தா வந்துட்டேன்ணே, சார் லைன்ல…"

"அம்மா, அவுக இன்னும் முடிக்கலைம்மா!"

நான் அவரை அப்படி அதட்டியது அந்த ஒரே தடவைதான். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வந்து நின்றார். நான் எழுதியதைப் படித்தார். 'காரைக்குடி அப்போ.' மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். போனில் அந்த சார் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த எழுத்து கே. அதற்கடுத்து ஏ.

"மறுபடி காரைக்குடிதான் போல" என்றேன்.

"இருங்கண்ணே. அவ சொல்லட்டும்."

ஃபேன் போடாத அறை. இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. மூன்றாவது எழுத்து ஒரு நீளக் கோட்டோடு ஆரம்பித்தது. என். சாப்பாட்டு நேரம் வந்து போனது. 'காங்கேயம் இப்போ' என்பது முழுதாக வந்து சேரும் வரை டாக்டரம்மா அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. அதற்கப்புறம் கடைசியாக இரண்டே எழுத்து. 'வா'.

டாக்டரம்மா முதலில் சங்கத்து சாருக்குப் போன் போட்டார். "சார், அது வேண்டாம் சார். இல்ல சார், அவங்க கேக்கலை சார். நான்தான் சார்." அப்புறம் என்னிடம் திரும்பினார். "வண்டி சும்மாதானே இருக்கு?"

கிளம்பியது அந்த வார சனிக்கிழமை. ஸ்பீக்கர் ஏற்றுகிற என் வேனில், திண்டுக்கல், தாராபுரம் வழியாகப் போனோம். போகிற வழியெல்லாம் தோழி என்ன கேட்பார், இவர் என்ன சொல்வார் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு மட்டும் மூன்று விதம் வைத்திருந்தார். எதைச் சொல்லட்டும் என்று என்னையும் கேட்டார். தோழி திட்டினால், அழுதால், முகத்தைத் திருப்பிக்கொண்டால் எல்லாவற்றுக்கும் பதில் தயார்.

ஊருக்குச் சற்று வெளியே முள்வேலி போட்ட மேய்ச்சல் காடு. தோழியும் அவர் கணவரும் பத்துப் பதினைந்து காங்கேயம் மாடுகள் வைத்திருந்தார்கள். வேலி ஓரமாகவே ஏரியல் கம்பி, பனைமரத்துக்குப் பனைமரம் தாவிப் போயிருந்தது. கணவர் எங்களை "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தோழி சாம்பல் நிற மயிலைப் பசு ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உயரமான, கறுத்த, நிதானமான பெண். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தார். ஓடவில்லை. டாக்டரம்மாவும் ஓடவில்லை. நான் வேனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

தோழி முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தார். "உ… உ…"

டாக்டரம்மாவின் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். உனக்கு என்னடி கோபம், உன்கிட்ட எப்படிடி சொல்லுவேன், உடம்பு எப்படி இருக்கு என்று வாய் வரை எத்தனை வந்ததோ. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் மாடு ஒன்று புல்லைப் பறித்து மெல்லும் சத்தம் கேட்டது. தோழியின் கழுத்து நரம்பு இழுத்தது, தளர்ந்தது, மறுபடி இழுத்தது. அவர் அவசரப்படவே இல்லை.

"உன் கோடு…" என்றார். மூச்சு விட்டுக்கொண்டார். "கொ… கொஞ்சங்கூட… ஆ… ஆடலைடி."

டாக்டரம்மா முறுக்கிய தலைப்பை விட்டுவிட்டு, தோழியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.